மீன் திரும்பிப் பார்த்த சுவர்

அன்றைக்குச் சுவர் முன்னால் நின்றவர்கள்: அக்கா. மாமா. சித்தி. சித்தி மகன். கடைசியாக நான். எனக்கு ஏழு வயது. திருநின்றவூர் ஏரிக்குப் போகிற வழியில் இருக்கும் அங்கன்வாடிச் சுவர் அது.

அக்கா கல்லூரியில் படம் வரையும் படிப்பு படித்தாள். ஒரு பாடத்தில் தேறவில்லை. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சுவரை வரைந்து காட்டினால் பாஸ் போட்டுவிடுவார்களாம். பார்க்க வருபவர் பெரிய ஓவியர். அவர் கல்லூரி மேடையில் பேசியதையெல்லாம் அக்கா நோட்டில் எழுதிவந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது.

அப்பா அதைக் கேட்கவில்லை. "இந்தச் சொவரும் வெளங்கலைன்னா எஸ்டேட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்னே இரு" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

படம் ஒரு விரால் மீன். அக்கா தாளில் வரைந்து கட்டம் போட்டிருந்தாள். சுவரிலும் அத்தனை கட்டம், பெரிதாக. தாளின் ஜெராக்ஸை வெட்டி ஆளுக்குச் சில துண்டுகள் கொடுத்தாள். எனக்கு ஒரே துண்டு. மீனின் தலை.

மாமா பாடி என்கிற ஊரில் ஒரு பட்டறையில் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர். டப்பாக்கள் அவருடையவை. மற்றவர்கள் சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே நான் பெயிண்டும் அடித்துவிட்டேன்.

"இன்னா, அதுக்குள்ள முட்ச்சிட்டியா?" என்றார் மாமா. அப்புறம் என் கட்டத்தைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். மீன் இடது பக்கம் போக வேண்டும். என் தலை வலது பக்கம் பார்த்தது. துண்டைத் தலைகீழாகப் பிடித்து வரைந்திருக்கிறேன்.

வயிறு வலிக்கிறது என்று வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். வலிக்காத வயிற்றுக்கு அதையும் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தேன். டிபன் பாக்ஸோடு அக்கா எஸ்டேட் வேலைக்கு ரயில் பிடிக்க ஓடுவது போலவே இருந்தது.

நாலு மணிக்குச் சித்தி மகன் வந்து இழுத்துக்கொண்டு போனான். மீன் நன்றாகவே இருந்தது. உடம்பை வளைத்துத் தன் வாலைத் திரும்பிப் பார்த்தது.

"மீனு ஏம்மா திரும்பிப் பாக்குது?" என்று ஓவியர் கேட்டார்.

"பின்னால யாரோ கூப்ட்டாங்க சார்" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். தேறிவிட்டாய் என்றார். அப்பா தானே போய் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். நான் இரண்டு தின்றேன். படமே அப்படித்தான், நான்தான் தப்பாகப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். இப்போது மாமாவோடு லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அக்கா புத்தகங்களுக்குப் படம் போடுகிறாள். போன வாரம் அவளுடைய பழைய நோட்டிலிருந்து அந்தத் தாள் விழுந்தது. அதில் மீன் நேராகப் போகிறது.

காயாத பெயிண்டைத் தின்னர் தொட்டுத் துடைத்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். மாமாவுக்குத் தெரியாததா. அன்று தின்னர் டப்பா அவர் காலடியில்தான் இருந்தது.

ஏன் துடைக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். "அது உன் கட்டமாச்சே" என்றாள்.

அவள் போனில் சுவரின் படம் இருந்தது. தாளைப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். துடைத்திருந்தால் ஒரு கட்டம். அவர்கள் அழித்து மறுபடி வரைந்தது எட்டு.