வாய்க்கால் கரையில் கிடந்த மெத்தை

எங்கள் நகராட்சியில் அவருக்கு மோப்பம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். "மோப்பம் பிடிக்காம இந்த வேலையில வேற என்னத்தப் பிடிக்கிறது?" என்று ஒருமுறை அவரே சிரித்தார். பதினோரு வருடம் அவருக்கு ஜீப் ஓட்டினேன். நடந்ததில் பாதிக்கு மேல் என் கண் முன்னால் நடந்தது. மீதியை அவரே சொன்னார்.

கண்ட இடத்தில் குப்பை கொட்டுகிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. அன்றாடக் குப்பை பெரிய விஷயமில்லை. கட்டில், சோபா, மெத்தை, கதவு பெயர்ந்த பீரோ, கெட்டுப்போன ஃப்ரிட்ஜ், இவைதான் தலைவலி. இவற்றை எடுக்க நகராட்சியிலேயே ஒரு லாரி உண்டு. போனில் பதிவு செய்தால் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஊர் முழுவதற்கும் அந்த ஒரே லாரிதான். முறை வர மூன்று வாரம் ஆகும், சில சமயம் ஐந்து. அதுவரை பொறுக்க முடியாதவர்கள் யாராவது வண்டிக்காரரைப் பிடித்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அவர் கிடங்கு வரை போகச் சோம்பல்பட்டு, வாய்க்கால் கரையில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

அக்கா முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, சோபாவின் மடிப்புக்குள் கையை விடுவார். கூரியர் உறை, பள்ளிக்கூட நோட்டின் அட்டை, கரண்ட் பில் என்று ஏதாவது ஒன்று சிக்கும். ஏதாவது ஒன்றில் முகவரி இருக்கும். அடுத்த நாள் அந்த வீட்டு வாசலில் நாங்கள் நிற்போம்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா திடீரென்று இறந்துபோனபோது தம்பிக்கு ஒன்பது வயது. படிப்பு ஏறாத தம்பிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் பிடித்தது, பிறகு ஒரு மினி லாரி வாங்கக் கையெழுத்துப் போட்டது, எல்லாம் அக்காதான். தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையில் அக்கா இருந்தார். கீழே அம்மா, தம்பி, தம்பியின் மனைவி.

அந்த வருடம் மழைக்கு முன்னால் வாய்க்கால் கரையில் நீலக் கோடு போட்ட ஒரு மெத்தை கிடந்தது. பக்கத்தில் இரும்புக் கட்டில், நோயாளிகள் உட்காரும் கழிப்பறை நாற்காலி. மெத்தை உறையின் ஜிப் துருப்பிடித்து இறுகியிருந்தது. அக்கா கத்தியால் ஒரு சாண் கிழித்துக் கையை விட்டார். மருந்துச்சீட்டு வந்தது.

சீட்டில் இருந்த முகவரியில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து போன மாதம் இறந்திருந்தார். கட்டில் போட்டிருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

"உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன்மா. நாலு வாரம் ஆகும்னாங்க. அந்த மெத்தையப் பாத்துக்கிட்டே நாலு வாரம் எப்படி இருக்கறது? சாப்பிட உக்காந்தாலும் அதுதான் முன்னால நிக்குது."

"யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"ஒரு தம்பி. ரொம்ப மரியாதையான பையன். நகராட்சிக் கிடங்குலயே சேத்துடறேன்னு சொன்னார்."

பொருள் யாருடையதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், உரிமம் இல்லாத ஆளிடம் கொடுத்ததும் குற்றம்தான் என்று அக்கா பொறுமையாக விளக்கினார். பெரியவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்த ஒரு போன் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்கா அதைப் பார்த்தார். பேனாவைத் திறந்தவர் எழுதாமலே மூடினார். ஜீப்பில் ஏறினோம். பாலம் தாண்டியதும் சொன்னார்.

"அது என் தம்பி நம்பர், டிரைவர்."

அன்று சாயங்காலம் வீட்டில் தம்பியைக் கேட்டிருக்கிறார். அவன் மறுக்கவில்லை. "ஊர்ல எல்லா வண்டிக்காரனும் செய்றதுதானேக்கா. கிடங்கு வாசல்ல அரை நாள் நின்னா என் பொழப்பு என்ன ஆகறது?" என்றான். அம்மா உள்ளே இருந்து, "என்னடா சத்தம்?" என்றார். இரண்டு பேரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் கிடங்கில் சேர்த்துவிடுவதாக அக்கா தலையில் கை வைத்துச் சொன்னான்.

மறுநாள் கரை சுத்தமாக இருந்தது. அக்கா பதிவேட்டில், "கொட்டியவர் யார் எனத் தெரியவில்லை. பொருட்கள் அகற்றப்பட்டன" என்று எழுதினார். பதினோரு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. பெரியவருக்கு நோட்டீஸ் போகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. மேட்டுத் தெருவுக்குக் கீழே இருக்கும் சிறுபாலம் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. காலையில் நாங்கள் போனபோது முழங்கால் அளவு நின்றது. எங்கள் துப்புரவு ஆட்களில் மூத்தவர், எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிறவர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் இறங்கினார். அடைப்பு அசைந்தது. திடீரென்று மொத்தமும் ஒரே தள்ளாகப் பிடுங்கிக்கொண்டது. மாமா அலறினார். மேலே இழுத்தபோது அவர் வலது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வந்து மோதியது ஓர் இரும்புக் கட்டில்.

கட்டிலோடு சுற்றிக்கொண்டு வெளியே வந்த மெத்தையில் நீலக் கோடு. உறையில் ஒரு சாண் நீளத்துக்குக் கத்திக் கிழிசல்.

அக்கா மழையிலேயே நின்றார். ஆம்புலன்ஸ் போன பிறகும் நின்றார். குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். "வேண்டாம்" என்று தள்ளினார்.

நேராக அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினார். தம்பியின் பெயர், வண்டி எண், பெரியவரின் வாக்குமூலம், தான் பதிவேட்டில் எழுதிய பொய், எல்லாம் இருந்தது. ஆணையர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி விஷயம் சரி. உங்களப் பத்தின இந்தப் பத்தி எதுக்கும்மா? எடுத்துடுங்க. யாருக்கும் தெரியாது."

"நடந்தது அதுவுந்தான் சார்."

வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். தம்பி அலுவலக வாசலுக்கே வந்துவிட்டான். சண்டை போடுவான் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவன் சத்தமே போடவில்லை.

"நீதானேக்கா வாங்கிக் குடுத்த? நீயே புடுங்கிட்ட."

"கிடங்குல சேக்கறேன்னு சொன்னியேடா."

"சொன்னேன். அன்னைக்கு அங்க ஒரே கூட்டம். வழியில வாய்க்கால்லயே தள்ளிட்டேன். ஒரு ஆளு கால் போகும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அக்கா அவன் தோளைத் தொடப் போனார். அவன் விலகிக்கொண்டான்.

வீட்டில் தம்பி மனைவி மாடிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தினாள். அதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் அம்மா படி ஏறி வந்தாராம். மூட்டு வலியால் வருடக்கணக்கில் படி ஏறாதவர்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவன் தெனம் சாப்பிடாம படுக்கறான். நீ இங்க இருக்காத கண்ணு. போயிடு."

அக்கா ஒரு பெட்டியோடு கிளம்பினார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான்.

விசாரணை முடிந்து அவரை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரிய சாமான் எடுக்கப் பதிவு செய்யும் போன் மேசையில் உட்கார வைத்தார்கள். வார்டைக் குறித்துக்கொண்டு தேதி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மோப்பம் அக்கா என்று யாரும் இப்போது சொல்வதில்லை. கேலி செய்ய ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவைப் பார்க்கப் போவார். கால் சேர்ந்துவிட்டது, ஆனால் மடங்காது. காலை நீட்டியபடி வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். பேச்சு எதையெதையோ சுற்றியது. நடுவில் மாமா கோபமே இல்லாமல் கேட்டார்.

"அன்னைக்கே எழுதியிருந்தா அந்த மெத்த அங்க வந்திருக்காது, இல்லம்மா?"

"வந்திருக்காது மாமா."

"ம்," என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு அக்காவுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். அடுத்த ஞாயிறு அக்கா போகமாட்டார் என்று நினைத்தேன். போனார்.

மேசைக்கு வந்த பிறகும் அவருக்கு ஒரு மெமோ வந்தது. சாவு நடந்த வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால், வரிசையில் கீழே போடாமல் மறுநாளைக்கே லாரிக்கு எழுதிவிடுகிறார் என்று புகார். விதியில் அப்படி இடமில்லை. மற்றவர்கள் முறை தள்ளிப்போகிறது. ஆணையர் கூப்பிட்டுக் கண்டித்தார். அக்கா மெமோவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேசைக்கு வந்தார்.

அவர் உட்காரும்போதே போன் அடித்தது. "சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்பங்க தவறினாங்க?" என்று கேட்டுக்கொண்டே நாளைய பக்கத்தைத் திருப்பினார்.