பொதுக்கூடை

எட்டு வருடமாக வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒரு மூங்கில் கூடை என்னை இந்தப் பாடு படுத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாணவர்களை, மலையூர்கள் பல சேர்ந்த ஆலத்தூர் நாட்டுக்கு அழைத்துப்போய், கூடை பின்னும் ஓர் அம்மாவோடு சேர்ந்து புதிய கூடை செய்வது எங்கள் மலைப்பாடம். திங்கட்கிழமை கூடை தன் மேசைக்கு வராவிட்டால் பாடத்தையே நிறுத்திவிடுவதாகத் துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று வருடம் மல்லுக்கட்டி வாங்கிய பாடம் அது.

அந்த அம்மாவோ எங்கள் வரைபடத்தைத் தொடக்கூட இல்லை. "யாருக்குங்க?" என்பார். மிளகு பறிக்கும் கூடை என்றால், பறிக்கிறவர் இடுப்பைச் சாணால் அளக்காமல் மூங்கிலைக் கையில் எடுக்க மாட்டாராம். இன்னாருக்கு என்றில்லை, எல்லோருக்கும் ஒரே அளவு என்று தலைகீழாக நின்று பார்த்தேன். மறுநாளும் அதே பாட்டு: "யாருக்குன்னு சொல்லுங்க சாமி."

"பொதுவாப் பின்னுங்கம்மா!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அட, பொதுவுக்குங்களா? அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க!"

அப்பாடா என்று நான் மலையிறங்கினேன். மாணவர்கள் அங்கேயே தங்கி அவரோடு மூங்கில் பிளந்தார்கள். போனில் கேட்டபோதெல்லாம், "சூப்பரா வருது சார்." எவ்வளவு பெரிதாக வருகிறது என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு மதியம் எடுத்துவரப் போனால், ஊர்க்கோயிலில் மூன்று நாள் விருந்தாம், அன்றுதான் முதல் நாள். நடுவில் ஒரு கூடை. இருபுறமும் ஆள் பிடித்தால்தான் நகரும், அவ்வளவு பெரிது. விளிம்பு வரை சோறு. பொது என்று நான் அளவைச் சொல்ல, அவர் ஊருக்குச் சொந்தமான கூடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! என் மாணவர்களோ இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் போன். "கூடை ரெடியா?"

என் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா ஓடிவந்தார். "ஏனுங்க, காலேசுக்கு வேணுங்களா? பாய விரிச்சுச் சோத்தக் கொட்டிட்டுக் குடுத்தர்றனுங்க." சொன்னதோடு நில்லாமல் கூடையின் விளிம்பைப் பிடித்துச் சாய்க்கவே போனார். இலை போட்டு உட்கார்ந்திருந்த ஊரே என்னைப் பார்த்தது.

"வேண்டாங்கம்மா, விடுங்க" என்றேன்.

பிறகு போனில், "கூடை இல்லை சார்" என்றேன்.