ஐந்து தடுப்பு, ஒரு மூக்கு

பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, கருகி, அந்த நாற்றம் மாடிப்படி இறங்கித் தெருவரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் நான்; உள்ளறையில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்தவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது. "அடுப்பை அணைம்மா!" என்று கத்தினேன். அடுப்புக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவருடைய மருமகள் நிமிர்ந்து பார்த்து, "எந்த அடுப்பை?" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். இவளுக்கு வேலை செய்கிற இடத்தில் பெயரே மூக்கம்மா.

அவள் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் பதினொரு வருடமாக இருக்கிறாள். பொட்டலத்தின் மேல் 'இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று அச்சடிக்கிறார்களே, அந்த எண் எப்படி வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. இவர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள். நாம் கெடாமல் பார்த்துக்கொள்கிற பண்டத்தை அவர்கள் வேண்டுமென்றே சூடான அலமாரியில் வைத்துக் கெடவைக்கிறார்கள்; வெளியே மாதக்கணக்கில் ஆவது அங்கே வாரக்கணக்கில் ஆகிவிடும். வாரம் ஒருமுறை எடுத்து, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஒருத்தி ரசாயன முறையில் அளப்பாள். பிறகு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து பேர் முகர்ந்து, கடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒன்று என்றால் குப்பை. ஒன்பது என்றால் புதிது.

அந்த அறையை ஒருநாள் பார்த்திருக்கிறேன். ஐந்து தடுப்புகள், தேர்வு எழுதும் மேசைபோல. நிறம் தெரியக்கூடாது என்பதற்காகச் சிவப்பு விளக்கு. எதிரே ஒரு சின்னக் கதவு. அதன் வழியாக மூடிய கிண்ணங்கள் வரும். கிண்ணத்தின் மேல் பெயர் கிடையாது, மூன்று இலக்க எண் மட்டும். வாய் கொப்பளிக்க வெந்நீர். பேசக்கூடாது, பவுடர் பூசக்கூடாது, ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி குடிக்கக்கூடாது. உட்காருகிறவர்கள் பெரிய நிபுணர்கள் ஒன்றும் இல்லை. மூக்கம்மா, வேன் ஓட்டுகிற டிரைவர், ஸ்டோர் பார்க்கிறவர், தட்டச்சு செய்கிற இரண்டு பெண்கள்.

வீட்டிலும் அவள் மூக்கு ஓய்வதில்லை. காய்கறிக் கடைக்காரர் அவள் வருவதைப் பார்த்தாலே முன்வரிசைத் தக்காளியை உள்ளே தள்ளுவார். "என் மருமககிட்ட என்ன பொய் வேணா சொல்லலாம். ஒரு சிகரெட்டு பிடிச்சுட்டு மட்டும் சொல்ல முடியாது" என்பார் பெரியவர். படுக்கையில் கிடக்கும் அவருக்குச் சிகரெட் எங்கிருந்து வருகிறது என்று நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு அவளை உட்காரவைத்தேன். "கண்ணை மூடு" என்று சொல்லி, காபித்தூள் டப்பாவை மூக்கருகில் நீட்டினேன்.

"என்னது?"

"நீதான் சொல்லணும்."

"ஒண்ணும் இல்லையே. வெறும் டப்பாவா?"

சோப்பு, எலுமிச்சம்பழத் தோல், எதுவும் தெரியவில்லை. தலைவலித் தைலத்துக்கு மட்டும் "எரியுது" என்றாள். எரிச்சல் வேறு, வாசனை வேறு. எரிச்சலை உணரும் நரம்பு தனி. மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் கடுமையான சளிக்காய்ச்சல் வந்து போயிருந்தது. அதோடு மூக்கும் போயிருக்கிறது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம். யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. சரியாயிடும்."

"சிலருக்கு ஒரு மாசத்துல வரும், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வியாழக்கிழமை என்ன பண்ணுவ?"

"எட்டு போடறேன்" என்றாள், தரையைப் பார்த்து.

உள்ளறையிலிருந்து பெரியவர், "மூக்கு போச்சா? அப்ப நான் இனிமே தாராளமா இருக்கலாம்!" என்று குரல் கொடுத்தார்.

"மாமா, காது மட்டும் உங்களுக்கு நல்லாக் கேக்குது!"

சிரித்தாள், ஆனால் முகம் தெளியவில்லை. காரணம் அன்று மாலை அவள் வேலை முடிந்து வந்து சொன்னபோது தெரிந்தது. மருத்துவமனை நோயாளிகளுக்கென்று கடலை மாவும் எண்ணெயும் சேர்த்துச் செய்த ஒரு சத்து பிஸ்கட் அப்போது பரிசோதனையில் இருந்தது. ஆறு மாதம் தாங்குமா, ஒன்பது மாதம் தாங்குமா என்பது கேள்வி. ரசாயன முறையில் அளக்கிறவளின் கணக்குப்படி எண்ணெய் காறிப்போக ஆரம்பித்துவிட்டது. ஆனால் முகர்ந்து பார்த்த ஐந்து பேரும் மூன்று வாரமாக எட்டுதான் போட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம். அவளுடைய அளவுதான் தப்பு என்று மூன்று முறை திரும்பச் செய்யவைத்தார்கள். மூன்று முறையும் அதே விடை. கண்ணாடிக் குழாயைக் கழுவத் தெரியாதவள் என்று பேச்சுவேறு. திங்கட்கிழமை ஒன்பது மாதம் என்று அறிக்கை கையெழுத்தாகப் போகிறது.

"அவ இன்னிக்கு அழுதுட்டா" என்றாள் மூக்கம்மா.

நான் நோயாளிகளுக்கு ஊட்டிப் பழகியவள். காறிய பிஸ்கட்டை ஒரு கடி கடித்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள். அன்று முழுக்கச் சாப்பாடும் இறங்காது, மருந்தும் இறங்காது. அதை அவளிடம் சொன்னேன்.

"சொன்னா என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிடுவாங்க" என்றாள். "மூக்கு இல்லாம அங்க நான் யாரு? பேர் கூட அதுதானே?"

"அப்ப சொல்லாத. ஒன்பது மாசம்னு போகட்டும்" என்றார் பெரியவர்.

"மாமா!"

"நீ சொல்லத்தான் போற, அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? எனக்குப் பசிக்குது."

திங்கட்கிழமை காலை அவள் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லாரும் அவரை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். 'டாக்டராம், ஆனா என் இடுப்பைப் பாக்கத் தெரியாதாம்' என்பது பெரியவரின் நிரந்தரக் குறை. அறிக்கையில் கையெழுத்துப் போட மற்ற நான்கு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். இனி நடந்தது அவள் வந்து சொன்னது.

"சார், எனக்கு மூணு வாரமா வாசனையே தெரியல. நான் போட்ட மார்க்கை எடுத்துடுங்க. அவ அளந்ததுதான் சரியா இருக்கும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உங்களோடதை எடுத்துடறேன். ஆனா இன்னும் நாலு பேர் இருக்காங்களே. அவங்களும் எட்டுதானே போட்டிருக்காங்க?"

நான்கு பேரும் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் டிரைவர்தான் வாயைத் திறந்தார்.

"அவங்க கனைக்கலையே சார்."

"என்ன?"

"கெட்டுப்போனதா இருந்தா அம்மா லேசா ம்க்கும்னு கனைப்பாங்க. அப்ப நாங்க மூணு போடுவோம். ரெண்டு தடவை கனைச்சா ரெண்டு. மூணு வாரமா சத்தமே வரல. சரி, நல்ல பிஸ்கட்டுன்னு..."

ஸ்டோர்காரர் அவர் காலை மிதித்தார். மிதித்துப் பயனில்லை. தட்டச்சுப் பெண்களில் ஒருத்தி, "நான் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க சார்" என்று உடைத்துவிட்டாள்.

தான் கனைப்பது மூக்கம்மாவுக்கே தெரியாது.

"பதினொரு வருஷமா அஞ்சு தடுப்பு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு, கடைசில இந்த இடத்துல ஒரே ஒரு மூக்குதானா?" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அறிக்கையை இரண்டாகக் கிழித்தார்.

அன்றே மறுபரிசோதனை. மூக்கம்மாவைச் சின்னக் கதவின் மறுபக்கம் நிற்கவைத்தார்கள், கிண்ணங்களை நீட்டுகிற வேலைக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணம். இரண்டில் புதிது, ஒன்றில் அலமாரியில் வெந்த பழையது. எது வேறு என்று சொல்ல வேண்டும். இப்படி ஆறு சுற்று. ஐந்து சுற்றாவது சரியாக இருந்தால்தான் மூக்கு என்று ஒத்துக்கொள்வார்கள்.

ஸ்டோர்காரர் இரண்டு சரி. அது குருட்டாம்போக்கிலேயே வரும். தட்டச்சுப் பெண்கள் ஆளுக்கு ஐந்து. டிரைவர் ஆறுக்கு ஆறு.

"பழைய பெயின்ட் டப்பா மாதிரி நாறுது சார். இதையா மூணு வாரமா எட்டுன்னேன்?" என்று அவரே அதிர்ந்துபோனாராம். நாள் முழுக்க டீசலில் கிடக்கிற மூக்கு எதற்கும் லாயக்கில்லை என்று அதுவரை நம்பியிருந்தவர்.

பிஸ்கட்டுக்கு ஆறு மாதம் என்று முடிவானது. குழாய் கழுவத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு டாக்டர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அவள் விடவில்லை. எழுதியும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள். நல்ல பெண்.

மூக்கம்மா நாற்காலியை இழந்தாள். ஸ்டோர்காரரும் இழந்தார்; அவர் இடத்தில் இதே சோதனையில் தேறிய வேறு ஒருவர் உட்கார்ந்தார். கிண்ணத்தில் எண் ஒட்டி நீட்டுவது மட்டும் அவள் வேலை ஆனது. முதல் வாரம் வீட்டில் பாத்திரங்கள் பெரிதாகச் சத்தம் போட்டன. இரண்டாம் வாரம் வேறு விஷயம் சொன்னாள். டிரைவருக்குக் கெட்ட வாடை வந்தால் கிண்ணத்தை டக்கென்று தள்ளுகிறாராம். அந்த டக்குக்குப் பிறகுதான் மற்றவர்கள் பேனாவை எடுக்கிறார்களாம். "உள்ள இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இந்தப் பக்கம் நின்னா அவங்க கை மட்டும்தான் தெரியுது" என்றாள். மறுநாளே எல்லா மேசையிலும் ரப்பர் விரிப்பு போட்டாள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் கிண்ணங்களின் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் தினமும் காலை நான்கு டப்பாக்களை முகரவைத்தேன். மூக்குக்கும் பயிற்சி உண்டு. கை கால் விழுந்தவர்களுக்குச் செய்வதைப் போலத்தான், அலுப்பாக இருந்தாலும் விடக்கூடாது. ஏழாவது வாரம் காபித்தூள் லேசாகத் தெரிந்தது. நான்காவது மாதம் பரிசோதனையில் ஆறுக்கு நான்கு சரி. டாக்டர் பரவாயில்லை, வந்து உட்காருங்கள் என்றார். "அஞ்சு வரட்டும் சார்" என்று மறுத்துவிட்டாள். அடுத்த மாதம் ஐந்து வந்தது. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். பதினொரு மணிக்கு அவர்கள் நான்கு பேர் உட்காரட்டும், பன்னிரண்டு மணிக்கு அவள் தனியாக உட்காருவாள்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஐந்து பேரின் மதிப்பெண்ணும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை, கூட்டிக் கழித்து முடிவெடுக்கத் தலை சுற்றுகிறது என்று டாக்டர் புலம்புகிறாராம். போன வாரம் ஒரு பால்பவுடருக்கு மூக்கம்மா ஏழு போட்டாள், டிரைவர் நான்கு. ரசாயன அளவு டிரைவர் பக்கம் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து, தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "டீசல் மூக்கு! டீசல் மூக்குக்கு வந்த வாழ்வைப் பாருங்கம்மா!" என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினாள். பெரியவர் தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி, வசதியாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.