பிந்தி விழும் கொட்டு

திருப்பூரில் தையல் மெஷினில் பனியன் துணி கோணலாகப் போனது. யாரையாவது அதட்டலாம் என்றால், துணியைப் பிடித்திருந்தது என் இடது கைதான். அது மடியில் விழுந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பு) என்றார் டாக்டர். கால் சீக்கிரம் தேறியது. கை தேறவில்லை. ஒற்றைக் கையோடு தையல்காரி என்ன செய்வாள்? கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து தம்பி முருகன் வந்து கூட்டிப் போனான். முப்பது வருடம் கழித்துப் பிறந்த ஊருக்கு அப்படித்தான் திரும்பினேன். எனக்குப் பிடிக்கவே இல்லை.

இங்கே பிசியோதெரபியில் (இயன்முறைப் பயிற்சி) தினமும் இரண்டு கையையும் சேர்த்து நூறு முறை தட்டச் சொன்னார்கள். சுவரைப் பார்த்துக் கை தட்ட எனக்கென்ன பைத்தியமா? பத்தோடு நிறுத்திவிட்டு, நூறு என்று பொய் சொன்னேன். தெருவில் இறங்கினால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். இதைப் படிக்கும் உங்களில் ஸ்ட்ரோக் வந்த சிலரும் அப்படித்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஓணம் நெருங்கியது. எங்கள் சந்துப் பெண்கள் சாயங்காலந்தோறும் கைகொட்டிக்களி பழகினார்கள். விளக்கைச் சுற்றி வட்டமாக ஆடி, எல்லோரும் ஒன்றாகக் கை கொட்ட வேண்டும். பாவாடை கட்டிய வயதில் நானும் ஆடியதுதான். கதவோரம் நின்று பார்த்த என்னை எதிர்வீட்டு ஷீலா விடவில்லை.

"சேச்சி வா, வட்டத்துல ஒராள் குறையுது."

"எனக்குக் கை வராது ஷீலா."

"கால் வருமில்லே? அது மதி, அது போதும்."

முதல் வாரம் என் கை காற்றைத்தான் தட்டியது. ஆனால் பாட்டு போகிற வேகத்தில் அதை எங்கே ஒளிப்பது? எண்ணாமலே நூறுக்கு மேல் தட்டியிருப்பேன். ஒருநாள் உள்ளங்கையிலிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் கொட்டி முடித்த பிறகு, தனியாக. அழுகை வந்தது, கூடவே வெட்கமும்.

"ஓணத்தன்னைக்கு நான் ஆடலே. எல்லாம் கெட்டுப்போகும்" என்றேன்.

"நம்ம சந்துக்கு மார்க் போட யாரு வர்றா சேச்சி?" என்றாள் ஷீலா.

ஆடினேன். முடிந்ததும் முருகன் சாயா கொண்டுவந்து தந்தான்.

"இத்தனை பேர் கொட்டினதுல உன் கொட்டு எதுன்னு எனக்குத் தெரிஞ்சுது அக்கா."

இன்னும் நான் தைக்கத் தொடங்கவில்லை. சாயா கிளாஸை எடு என்றால் இடது கை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுகிறது. முன்பென்றால் அதட்டியிருப்பேன். இப்போது காத்திருக்கிறேன். அது வருகிறது.