கோயில் கதவில் இரண்டு பூட்டு

கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணியின் வாசம் எங்கே வந்தாலும், ஊர்காவற்றுறைப் பக்கத்து எங்கள் கடற்கரையும் பூட்டிக் கிடந்த எங்கள் கோயிலும்தான் எனக்கு நினைவுக்கு வரும். முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளை ஊரில் 'புதுநன்மை' என்போம். அதற்கு அம்மா எனக்கொரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். ஆனால் திருநாளன்று மாதாவின் சொரூபத்தை யாருடைய வள்ளத்தில் ஏற்றிக் கடலில் கொண்டுபோவது என்று வடக்குத் துறைக்காரரும் தெற்குத் துறைக்காரரும் முட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பூட்டைக் கோயில் கதவில் கொழுவிவிட்டார்கள். வடக்குப் பூட்டின் திறப்பு, அதாவது சாவி, என் பெரியப்பாவின் மடியில் இருந்தது. ஒரு வருடமாகியும் கதவு திறக்காததால், நான் வளர்ந்த அளவுக்கு அம்மா சட்டையின் கரையை அவிழ்த்து நீட்டியபடி, "இன்னொரு வரியம் போனா உனக்குக் கலியாணச் சட்டைதான்" என்று பகிடி விட்டார். எனக்கோ அழுகை அழுகையாக வந்தது.

அப்போதுதான் எங்கள் ஆயர், ஊர்வழக்கில் 'ஆண்டவர்', தாமே வந்து புதுநன்மை கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். பூட்டைத் திறப்பதை விட்டுவிட்டு இரு பகுதியாரும் கோயிலுக்கு வரும் இரண்டு ஒழுங்கைகளிலும் போட்டிக்குப் பந்தல் கட்டி, மாலையும் வெடியுமாகக் காத்து நின்றார்கள். ஆண்டவரோ கடல் வழியாக வந்திறங்கி, அங்கி நனைந்தபடி கோயில் வாசலுக்கு வந்து, பூட்டுகளைப் பார்த்துவிட்டு, அங்கே காத்திருந்த புதுநன்மைப் பிள்ளைகளான எங்களோடு மணலில் இருந்துவிட்டார்.

"பிள்ளையள், ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை ஆண்டவரே, நன்மை எடுக்குமட்டும் சாப்பிடக்கூடாதெல்லோ."

"அப்ப நானும் உங்களோடை பட்டினிதான்."

ஓடிவந்த பெரியப்பா தேத்தண்ணீரை நீட்டினார். "கதவு திறந்தாப் பிறகு குடிப்பம். ஆருடைய வள்ளமெண்டு என்னாலை சொல்ல ஏலாது, கடல் தெரிஞ்ச நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார் ஆண்டவர். வெயில் ஏறியது. பசி தாங்காமல் நான் விம்மத் தொடங்க, பெரியப்பா என்னையும் ஆண்டவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த திறப்பை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தார். மற்றத் திறப்பை வைத்திருந்த தெற்குத் துறைப் பெரியவரும் எழும்பினார்.

"சீமெந்து ஏத்திற நேரம் ரண்டு வள்ளத்தைப் பிணைக்கிறம்தானே அண்ணை, மாதாவுக்குப் பிணைச்சா என்ன?" என்றபடி அவரும் திறந்தார். கதவு திறந்த சத்தத்தில் நான் சிரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அந்த ஆண்டவர் இன்று இல்லை, பெரியப்பாவும் இல்லை. மாதா மட்டும் இன்னும் பிணைத்த வள்ளங்களில்தான் போகிறார். இந்த ஆண்டு புதுநன்மை எடுத்த என் மகள், கோயில் கதவில் பூட்டில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த இரண்டாவது கொளுக்கியைத் தொட்டு, "இது என்னத்துக்கம்மா?" என்று கேட்டாள். அது அவளுக்குத் தெரியாமல் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.