செவ்வாய்க்கிழமை மூட்டாத அடுப்பு

கோயில் மலரில் எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. நாலு பேர் முன்னால் கதைக்கவே வெட்கம். பிழை இருந்தால் அடியார்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

எங்களுக்கு ஸ்கந்தபுரத்தில் வயல். விதைப்புக்காக, ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுக்கும் குழுக் கடனில் நானும் சேர்ந்தேன். ஒருவர் கட்டாவிட்டால் அவருடைய பங்கை மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்த மாரிப் பருவத்துக் காலபோகத்தில் நெல் வெள்ளத்தில் அழுகிப்போனது.

செவ்வாய்க்கிழமைகளில் கடன் கம்பனியிலிருந்து காசு சேர்க்கும் தம்பி மோட்டார் சைக்கிளில் வருவார். என் கணவர் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். நான் உள்ளே ஒளித்திருப்பேன். ஒருநாள் அந்தத் தம்பி முற்றத்தில் நின்று, "கதவிலை பூட்டு, குசினியிலை புகை. பூனையோ அக்கா சமைக்குது?" என்று கேட்டார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நான் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைகள் தேநீர்கூட இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள்.

கடைசியில் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று முடிவாயிற்று. கடவுச்சீட்டுக்குப் படமும் எடுத்தேன். அதைப் பார்த்த நாளிலிருந்து சின்னவள் என் சட்டையைப் பிடித்தபடியே திரிந்தாள். அடுத்த செவ்வாய், குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதேன்.

"பிள்ளையாரப்பா, பிள்ளையளை விட்டிட்டுப் போக வைக்காதையும்."

வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

பின்கதவில் யாரோ தட்டினார்கள். குழுவில் இருக்கும் செல்வமக்கா. என் பங்கை அவர்தான் கட்டி வந்தார். ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் தேநீர் நிரப்பிய சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தது.

"புகை வராத நாளிலைதான் நீ உள்ளுக்கை ஒளிச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியுமடி. எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அதுக்காகப் பிள்ளையளை விட்டிட்டு ஓடுறதே? இதைக் குடிச்சிட்டு அடுப்பை மூட்டு. அவன் வரட்டும், எல்லாருமாய்க் கேப்பம்."

மூட்டினேன். தம்பி வந்தபோது ஐந்து பேரும் முற்றத்தில் இருந்தோம். அடுத்த அறுவடை வரை பொறுக்கும்படி கேட்டோம். அவர் மேலதிகாரியுடன் தொலைபேசியில் வெகுநேரம் கதைத்தார். பிறகு ஓம் என்றார். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன், அவருக்கும்.

நான் குவைத் போகவில்லை. கடவுச்சீட்டுக்கு எடுத்த படம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடன் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கட்டுகிறோம். ஆனால் கதவைப் பூட்டி ஒளிப்பதில்லை. என்னைப் போல ஒளித்திருக்கும் சகோதரிகளே, பிள்ளையாரைக் கூப்பிடுங்கள். முன்கதவு பூட்டியிருந்தாலும் அவருக்கு வழி தெரியும்.

அந்தத் தம்பி ஓம் என்றதற்கு அடுத்த நாள் விடிய மழை. விறகு நனைந்து, குசினி முழுக்கப் புகை. அது வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டேன்.