டோப்பாக்காவின் பின்னல்

நாடகக்காரர்களுக்கு டோப்பா கட்டும் கடையில் அவளுக்கு டோப்பாக்கா என்றே பெயர். ராஜாவோ ராட்சசனோ, அவள் ஒட்டிவிட்ட பொய்முடி மேடையில் குட்டிக்கரணம் போட்டாலும் அசையாது. பசை விஷயத்தில் அவ்வளவு கறார்.

வீட்டில் கதை வேறு. கோபம் வந்தால் புருஷன் முதலில் பிடிப்பது அவள் பின்னலைத்தான். பிடித்துச் சுவரில் மோதுவான். பத்து வருஷமாக அவனுக்கு அது ஒரு கைப்பிடி.

மார்பில் புற்றுநோய், ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். முதல் தடவைக்கே முடி கொத்தாகக் கையோடு வந்தது. மிச்சப் பின்னலை வெட்டி, கடையிலேயே மொட்டையடித்துக்கொண்டு, அந்த முடியிலேயே தனக்கொரு டோப்பா கட்டிக்கொண்டாள். வகிட்டோரம் நரைத்த நாலு முடிகூட அதனதன் இடத்தில் இருந்தது. அங்கேதான் அம்மணி தன் திறமையாலேயே கெட்டாள்.

"கேன்சர்னா முடி கொட்டுமாமே. உனக்கு ஒண்ணுகூடக் கொட்டலையே. ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு ஊர் சுத்துறியா?" என்றான். பெண்டாட்டி முகத்தை ஒருநாளாவது நன்றாகப் பார்த்திருந்தால், புருவம் மையால் வரைந்தது என்பதாவது தெரிந்திருக்கும். அதற்கெல்லாம் அவனுக்கு ஏது நேரம்.

மூன்று தடவை எப்படியோ சமாளித்துப் போய்வந்தாள். நான்காவது தடவைக்குக் கிளம்பிய காலையில் வாசலை மறித்து நின்றான்.

"இனிமே ஆஸ்பத்திரி கிடையாது."

அன்றைக்குப் பார்த்து டோப்பாக்கா பசை போட்டிருக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆஸ்பத்திரி ஃபைலும் துணிமணியும் முந்தின நாளே கடைக்குப் போய்விட்டன.

அவன் கைக்கடியில் குனிந்து வெளியே பாய்ந்தாள். பழக்கதோஷம், எட்டிப் பின்னலைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். தலையும் வரும் என்று பார்த்தால் முடி மட்டும் வந்தது. ஐயா தொபுக்கடீரென்று செருப்பு ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தார். அவள் மொட்டைத் தலையோடு படியிறங்கினாள். நிற்கவில்லை.

தெருமுனையில் கடை முதலாளியம்மா வண்டியோடு காத்திருந்தாள். கடை மாடியறையைப் பெருக்கிப் பாய் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏன்டி, டோப்பா எங்க?"

"அவர் கையில இருக்குக்கா. பத்து வருஷமா அதைத்தானே பிடிச்சுட்டிருந்தார், இனிமேலும் பிடிச்சுட்டு இருக்கட்டும். வண்டியை எடுக்கச் சொல்லுங்க, பத்து மணிக்கு மருந்து ஏத்தணும்."